லெனேசியா பாக்கி: எந்த மாகாணச் சட்டம், எந்தக் கோர்ட்?

கேள்வி: டர்பனில் பூஜைச் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் பிரைவேட் கம்பெனி எங்களுடையது. 2023 தீபாவளிக்காக லெனேசியாவில் ஒரு கடைக்குக் குத்துவிளக்கு, காமாட்சி விளக்கு, கற்பூரம், சாம்பிராணி அனுப்பினோம். 30 நாள் கடன். மூன்று இன்வாய்ஸ்: செப்டம்பர் 4 (92,600 ரேண்ட்), செப்டம்பர் 25 (118,300), அக்டோபர் 16 (75,500). மொத்தம் 286,400. 2024 ஜனவரி 19 அன்று 40,000 வங்கியில் வந்தது. மார்ச் 8 அன்று, "மீதியைச் சீக்கிரம் முடிச்சுடுறேன் அண்ணே, கொஞ்சம் பொறுங்க" என்று வாட்ஸ்அப்பில் எழுதினார். அதன்பின் பேச்சே இல்லை. இப்போது கடையின் பெயர்ப்பலகை மாறிவிட்டது, தம்பி நடத்துவதாகச் சொல்கிறார்கள். போன் செய்தால், "விளக்குல பாதி கறுத்துப் போச்சு, சிலது உடைஞ்சே வந்துச்சு" என்கிறார். அவர் என் மருமகனுக்குச் சித்தப்பா முறை, அதனால் இதுவரை பொறுத்தேன். வியாபார வழக்குச் சட்டம் ஒவ்வொரு மாநிலத்துக்கும் வேறு என்றும், நியூயார்க்கில் 6 ஆண்டு அவகாசம் உண்டு என்றும் இணையத்தில் படித்தேன். எனக்கு டர்பன் இருக்கும் குவாசுலு-நடால் மாகாணச் சட்டமா, லெனேசியா இருக்கும் கௌதெங் மாகாணச் சட்டமா? போலீஸில் கொடுக்கலாமா? அவர் வீட்டைப் பிடிக்க முடியுமா?

பதில்: நீங்கள் படித்தது அமெரிக்க விவகாரம். அங்கே ஒப்பந்தச் சட்டமும் வழக்குப் போடும் கெடுவும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அங்கேயும்கூட அந்த 6 ஆண்டு உங்கள் விஷயத்துக்குப் பொருந்தாது. சரக்கு விற்பனைக்கு நியூயார்க்கில் பொதுவான கெடு 4 ஆண்டுதான். தென்னாப்பிரிக்காவில் இந்தக் குழப்பமே இல்லை. ஒப்பந்தம், கம்பெனி, திவால், வட்டி, கடன் காலாவதி எல்லாம் நாடு முழுவதற்கும் ஒரே சட்டம். மாகாண சட்டமன்றங்களுக்கு இவற்றில் வேலை இல்லை. டர்பனுக்கும் லெனேசியாவுக்கும் இடையே உள்ள தூரம், எந்தக் கோர்ட்டில் போடுவது என்ற கேள்விக்கு மட்டும்தான் பொருட்டு. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் கெடுவைப் பார்ப்போம், ஏனெனில் உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி அதுதான்.

1969-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் காலாவதிச் சட்டப்படி சாதாரண வியாபாரக் கடன் 3 ஆண்டில் செத்துவிடும். கணக்கு இன்வாய்ஸ் தேதியிலிருந்து அல்ல, பணம் கட்டவேண்டிய தேதியிலிருந்து தொடங்கும். உங்கள் மூன்று இன்வாய்ஸுக்கும் கட்டவேண்டிய நாள் 2023 அக்டோபர் 4, அக்டோபர் 25, நவம்பர் 15. ஆக, முதல் இன்வாய்ஸுக்கு 2026 அக்டோபர் 3-ஐக் கடைசி நாளாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் தனித்தனிக் கடன். ஒன்றுக்குக் கெடு தாண்டினாலும் மற்றவை உயிரோடு இருக்கும்.

அந்த 40,000 ரேண்டும் வாட்ஸ்அப் செய்தியும் கெடுவைப் புதுப்பிக்கும் என்று உங்கள் வக்கீல் சொல்லக்கூடும். புதுப்பிக்கலாம். கடன்காரர் தன் கடனை வாயாலோ எழுத்தாலோ நடத்தையாலோ ஒப்புக்கொண்டால், 14-ஆம் பிரிவின்படி அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு ஓடும். "மீதியை முடிச்சுடுறேன்" என்பது நல்ல ஒப்புதல். ஆனால் இதில் இரண்டு ஓட்டைகள். ஒன்று, 40,000 எந்த இன்வாய்ஸுக்கு என்று அவர் குறித்திருந்தால், அதை மற்ற இரண்டுக்கும் ஒப்புதலாக நீட்டுவது வாதத்துக்கு உரியது. வங்கி ஸ்டேட்மென்டில் அன்று வந்த ரெஃபரன்ஸ் என்ன என்று பாருங்கள். 'அக்கவுன்ட்' அல்லது கடைப் பெயர் மட்டும் இருந்தால் உங்களுக்குச் சாதகம். இன்வாய்ஸ் எண் இருந்தால் அவருக்கு. இரண்டு, செய்தியில் தொகை இல்லை, எந்த மீதி என்பதும் இல்லை. ஒப்புதலை நம்பி 2027 வரை உட்கார்ந்திருப்பது, எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஒரு வாதத்தை இலவசமாகக் கொடுப்பதாகும். பழைய தேதியையே கெடுவாக எடுத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். ஒப்புதல் கையில் இருக்கட்டும், கேடயமாக.

வியாபாரிகள் அதிகம் ஏமாறும் இடம் இன்னொன்று. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் கடிகாரம் நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். நிற்காது. பேச்சுவார்த்தை நடக்கிறது, பெரியவர்கள் நடுவில் இருக்கிறார்கள் என்பதாலும் நிற்காது. சம்மனைக் கோர்ட்டில் பதிந்து முத்திரை வாங்கினாலும் போதாது. 15-ஆம் பிரிவு கேட்பது சம்மன் கடன்காரர் கையில் சேர்ப்பிக்கப்படுவதை. அதைச் செய்பவர் ஷெரீப். முகவரி தவறு, கடை பூட்டியிருக்கிறது, ஆள் இடம் மாறிவிட்டார் என்று ஷெரீப் திருப்பி அனுப்பினால் அது சேர்ப்பிப்பு ஆகாது. அதனால் கெடுவுக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்னதாகச் சம்மன் ஷெரீப் அலுவலகத்தில் இருக்கவேண்டும். காலாவதியை நீதிபதி தானாக எழுப்பமாட்டார், எதிராளிதான் எழுப்பவேண்டும் என்பது உண்மைதான். ஆனால் எந்த வக்கீலும் முதலில் பார்ப்பது அதையே. 2021 ஜூலையில் கடைகள் சூறையாடப்பட்டு எரிந்த கலவரத்தின்போது கட்டவேண்டியிருந்த பாக்கிகளுக்கு ஒப்புதலும் சம்மனும் இல்லையென்றால், அவை 2024 ஜூலையிலேயே முடிந்த கதை. 'பாவம், கடை எரிஞ்சவங்க' என்று பொறுத்தவர்களுக்குச் சட்டம் தனிச் சலுகை எதுவும் வைக்கவில்லை.

அடுத்தது, நீங்கள் யார்மேல் வழக்குப் போடுகிறீர்கள்? கடிதம் முழுக்க 'கடை', 'அவர்' என்றே எழுதியிருக்கிறீர்கள். கடைப் பெயர் என்பது ஆள் அல்ல. இன்வாய்ஸில் நீங்கள் யார் பெயரைப் போட்டீர்கள், ஆர்டர் கொடுத்தது யார், 40,000 யார் கணக்கிலிருந்து வந்தது என்று மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தனிமனிதர் வியாபாரப் பெயரில் நடத்திய கடையானால் அவரே கடன்காரர். மாஜிஸ்திரேட் கோர்ட் விதிகள் வியாபாரப் பெயரிலேயே சம்மன் அனுப்பவும் இடம் தருகின்றன. பிரைவேட் கம்பெனி என்றால் கம்பெனிதான் கடன்காரர். அவர் டைரக்டர் என்பதால் மட்டும் அவர் சொத்துக்கு நீங்கள் போகமுடியாது.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. யாரையாவது அந்தக் கடையில் ஒரு பாக்கெட் ஊதுபத்தி வாங்கச் சொல்லுங்கள். வாட் பதிவு உள்ள கடையானால் ரசீதில் சட்டப்படியான பெயரும் வாட் எண்ணும் இருக்கும். அந்தப் பெயரைக் கம்பெனிப் பதிவகமான சிஐபிசி தளத்தில் தேடுங்கள்: பதிவு எண், பதிவு முகவரி, டைரக்டர்கள், இப்போதைய நிலை எல்லாம் தெரியும். பழைய கம்பெனியையும் தேடுங்கள். தொடர்ந்து ஆண்டறிக்கை தாக்கல் செய்யாத கம்பெனியைப் பதிவகம் நீக்கிவிடும். நீக்கப்பட்ட கம்பெனி சட்டத்தின் கண்ணில் இல்லை. அதன்மேல் போட்ட சம்மன் இல்லாத ஆள்மேல் போட்டது. முதலில் கோர் 40.5 என்ற படிவத்தின் வழியே, அல்லது கோர்ட் உத்தரவின் வழியே, அதை மறுபடி பதிவில் ஏற்றவேண்டும். இதற்கு வாரக்கணக்கில் ஆகும். கடைசி மாதத்தில் இதைக் கண்டுபிடித்தால் கையைப் பிசைய வேண்டியதுதான்.

தம்பி பெயருக்குக் கடை மாறியதைப் பற்றி நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். அதுதான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் நல்ல பிடி. 1936-ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, ஒரு வியாபாரி தன் வியாபாரத்தையோ அதன் சரக்கையோ வழக்கமான விற்பனையாக அல்லாமல் கைமாற்றினால், கைமாறும் நாளுக்கு 30 முதல் 60 நாள் முன்பு அரசிதழிலும் உள்ளூர்ப் பத்திரிகைகளிலும் அறிவிப்புப் போடவேண்டும் என்கிறது. போடாவிட்டால், 6 மாதம் வரை அந்தக் கைமாற்றம் கடன்கொடுத்தவர்களைப் பொறுத்தவரை செல்லாது. குடும்பத்துக்குள் கடையை மாற்றுகிறவர்கள் அரசிதழைத் தேடிப்போவது அரிது. ஆகவே பெயர்ப்பலகை எந்த மாதம் மாறியது என்று உடனே விசாரியுங்கள்: கட்டட உரிமையாளரிடம், பக்கத்துக் கடையில், கார்டு மெஷின் ரசீதில். 6 மாதத்துக்குள் என்றால் இன்றே வக்கீலிடம் போங்கள். தாண்டிவிட்டதென்றால் இந்தக் கதவு பெரும்பாலும் மூடியது. கைமாற்றத்துக்கு முன்பே வழக்கு நடந்துகொண்டிருந்தால் பாதுகாப்பு இன்னும் பலமாக இருந்திருக்கும்.

இப்போது கோர்ட். சிறு உரிமைக் கோர்ட் உங்களுக்கு இல்லை. அதன் வரம்பு 2019 ஏப்ரல் முதல் 20,000 ரேண்ட், அங்கே கம்பெனிகள் வழக்குப் போடவும் முடியாது. மாவட்ட மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு 2014-இல் வைத்த வரம்பு 200,000, அதற்கு மேல் 400,000 வரை ரீஜனல் கோர்ட். உங்கள் பாக்கி 246,400, ஆகவே ரீஜனல். வட்டியும் செலவும் இந்த வரம்பில் சேராது. மாவட்டக் கோர்ட்டுக்குள் வர 46,400-ஐக் கைவிடலாமா என்று சிலர் யோசிப்பார்கள். சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் கைவிட்டது கைவிட்டதுதான், பின்னால் கேட்கமுடியாது. உங்கள் நிலையில் அதில் லாபம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஹை கோர்ட்டிலும் போடலாம்; ஆனால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் முடிந்திருக்கக்கூடிய வழக்குக்கு, ஜெயித்தாலும் அந்தக் கோர்ட் விகிதத்தில்தான் செலவு கிடைக்க வாய்ப்பு அதிகம். அங்கே கம்பெனிக்காக டைரக்டர் தானே எழுந்து வாதாடவும் முடியாது.

எந்த ஊர்? மாஜிஸ்திரேட் கோர்ட் சட்டத்தின் 28-ஆம் பிரிவுப்படி, கடன்காரர் வசிக்கும், வியாபாரம் செய்யும் அல்லது வேலை பார்க்கும் இடத்தில் போடலாம். வழக்கின் காரணம் முழுவதும் ஒரே கோர்ட் எல்லைக்குள் எழுந்திருந்தால் அங்கும் போடலாம். இந்த 'முழுவதும்' என்ற சொல்தான் சிக்கல். ஆர்டரை நீங்கள் டர்பனில் ஏற்றுக்கொண்டிருக்கலாம், பணம் டர்பன் வங்கிக்கு வரவேண்டியதாக இருக்கலாம்; சரக்கை உங்கள் செலவில் லெனேசியாவில் இறக்கியிருந்தால் ஒப்பந்தத்தின் ஒரு கால் கௌதெங்கில் இருக்கிறது. டர்பனில் போட்டால் எல்லை இல்லை என்ற ஆட்சேபணை வரும், அதை வாதாடி முடிக்கவே மாதங்கள் போகும், கெடு பக்கத்தில் இருக்கும்போது அது தேவையா? கௌதெங்கிலேயே போடுங்கள். அங்குள்ள வக்கீல் ஒருவரை உங்கள் டர்பன் வக்கீல் பிரதிநிதியாக வைத்துக்கொள்வார். கொஞ்சம் கூடுதல் செலவு, ஆனால் கதவு திறந்திருக்கும். 

வட்டிக்கு வருவோம். இன்வாய்ஸ் அடியில் 'தாமதத்துக்கு மாதம் 2 விழுக்காடு' என்று அச்சடித்திருந்தால் அது ஒப்பந்தம் ஆகிவிடாது. அவர் முன்கூட்டி ஒப்புக்கொண்டிருக்கவேண்டும். ஒப்பந்த வட்டி இல்லாவிட்டாலும் சட்டப்படியான வட்டி உண்டு: ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு 3.5 கூட்டிய விகிதம். கட்டவேண்டிய நாள் குறித்த கடனானதால் அந்த நாளிலிருந்தே ஓடும், நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்து அல்ல. ஓடத் தொடங்கிய அன்றைய விகிதமே கடைசிவரை நிற்கும், பின்னால் ரெப்போ இறங்கினாலும். 2023 அக்டோபரில் அது 11.75 விழுக்காடு, 246,400-க்கு ஆண்டுக்கு 28,952 ரேண்ட். உங்கள் ஸ்டேட்மென்டில் நீங்களே மாதாமாதம் வட்டி ஏற்றிக்கொண்டு வந்திருந்தால் வக்கீலிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கடன்காரர் தனிமனிதராகவோ சிறிய கம்பெனியாகவோ இருந்தால் அப்படி ஏற்றிய வட்டி அந்தக் கணக்கைத் தேசியக் கடன் சட்டத்துக்குள் இழுத்துவிடக்கூடும். அப்போது சம்மனுக்கு முன் 129-ஆம் பிரிவு நோட்டீஸ் கொடுத்து 10 வேலைநாள் காத்திருக்கவேண்டும். இந்தப் படியைத் தாண்டிக் குதித்தால் வழக்கு நின்றுபோகும்.

கறுத்த விளக்குக்கு என்ன பதில்? சரக்கில் குறை இருந்தது உண்மையென்றால் விலையைக் குறைக்கச் சட்டம் இடம் தரும். முழுப் பாக்கியையும் அது அழிக்காது. பித்தளை காற்றுப்பட்டால் கறுக்கும், கடலோரக் கோடவுனில் இன்னும் வேகமாக. புளி போட்டுத் துலக்கினால் போகிற கறுப்பைக் குறை என்று கோர்ட் எடுக்குமா என்பது சாட்சியத்தைப் பொறுத்தது. உடைந்தது வேறு விஷயம். டெலிவரி நோட்டில் 'நல்ல நிலையில் பெற்றேன்' என்று அவர் ஆள் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா, அன்றோ அடுத்த வாரமோ புகார் வந்ததா, போட்டோ உண்டா, 40,000 கட்டும்போதாவது சொன்னாரா என்று பாருங்கள். மார்ச் 8 செய்தியில் விளக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை என்பது உங்கள் பக்கம் பேசும். ஏதாவது உண்மையிலேயே உடைந்து வந்திருந்தால், அதன் விலையை நீங்களே கழித்துவிட்டு மீதிக்குச் சம்மன் போடுங்கள். தயாள குணத்துக்காக இல்லை. கணக்கு சுத்தமாக இருந்தால், அவர் பதில் மனு போட்டபின் முழு விசாரணை இல்லாமல் சுருக்கத் தீர்ப்புக் கேட்கும் விண்ணப்பம் எடுபடும். அதை எதிர்க்க அவர் தன் தற்காப்பை விவரமாகச் சத்தியப் பிரமாணத்தில் எழுதவேண்டும்: எத்தனை விளக்கு, எந்தப் பெட்டி, எப்போது சொன்னார். 'பாதி கறுத்துப் போச்சு' என்பது அங்கே போதாது.

வாட்ஸ்அப் செய்தி சாட்சியமாகச் செல்லும். 2002-ஆம் ஆண்டு மின்னணுத் தொடர்புச் சட்டம் அதை ஏற்கிறது. வெட்டிய ஸ்கிரீன்ஷாட் மட்டும் கொண்டுபோகாதீர்கள். உரையாடல் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள், அந்த எண் அவருடையது என்று காட்ட ஆர்டர் செய்திகளையும் சேர்த்து வையுங்கள், பழைய போனை விற்றுவிடாதீர்கள். தமிழில் எழுதிய செய்திக்குச் சத்தியப் பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பு தேவைப்படும். 'முடிச்சுடுறேன்' என்பதைத் 'தீர்த்துவிடுகிறேன்' என்று எடுப்பதா, 'பார்க்கிறேன்' என்று எடுப்பதா என்பதில் வழக்கே திரும்பலாம், ஆகவே நம் பேச்சுத் தமிழ் தெரிந்தவராகப் பாருங்கள்.

சம்மன் சேர்ந்தபின் எதிர்க்கும் எண்ணத்தைத் தெரிவிக்க அவருக்கு 10 கோர்ட் நாள். டிசம்பர் 16 முதல் ஜனவரி 15 வரையிலான நாட்கள் அந்தக் கணக்கில் வராது. (உங்கள் 3 ஆண்டுக் கெடுவுக்கு இந்த விடுமுறைச் சலுகை கிடையாது.) அவர் பேசாமல் இருந்தால் ஒருதலைத் தீர்ப்புக் கேட்கலாம். தீர்ப்பு கிடைத்தால் அந்தக் கடன் 30 ஆண்டு உயிரோடிருக்கும்.

போலீஸ் வேண்டாம். வாங்கிய பணத்தைக் கட்டாதது குற்றம் அல்ல. வாங்கும்போதே பொய் சொல்லி ஏமாற்றினார் என்று காட்டினால்தான் மோசடி. தீபாவளிக்குச் சரக்கெடுத்து ஜனவரியில் 40,000 கட்டியவரிடம் அதைக் காட்டுவது கடினம். அதைவிட மோசம், 'பணம் தராவிட்டால் போலீஸுக்குப் போவேன்' என்று எழுதுவது. அது மிரட்டிப் பறித்தல் என்று உங்கள்மேலேயே திரும்பலாம். கோயில் வாட்ஸ்அப் குழுவில் அவர் பெயரைப் போடுவதும் அவதூறு வழக்காக உங்கள்மேல் திரும்பலாம். கடன் உண்மையாக இருந்தாலும், அதை ஊருக்குச் சொல்வதில் பொதுநன்மை இருந்ததா என்ற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவேண்டிவரும்.

கம்பெனி என்று தெரிந்தால் சிலர் உடனே திவால் மனுவைக் காட்டி மிரட்டச் சொல்வார்கள். 100 ரேண்டுக்குக் குறையாத கடனுக்குக் கம்பெனியின் பதிவு முகவரியில் எழுத்துக் கோரிக்கை சேர்த்து, மூன்று வாரத்தில் கட்டாவிட்டால் கட்ட வக்கில்லாத கம்பெனி என்று கருதி ஹை கோர்ட்டுக்குப் போகலாம் என்பது சரிதான். 1973-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 345-ஆம் பிரிவு இதற்காக இன்னும் உயிரோடு வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் கடனை நல்லெண்ணத்தோடும் நியாயமான காரணத்தோடும் மறுக்கிற கம்பெனிமேல் இந்த வழி செல்லாது என்பது 1956-இலிருந்து வழங்கும் பாடன்ஹார்ஸ்ட் விதி. விளக்குப் புகார் நியாயமாகத் தோன்றினால் மனு தள்ளுபடி, செலவு உங்கள் தலையில். ஜெயித்தாலும் ஒரு பொறி உண்டு: கம்பெனியில் சொத்து இல்லையென்றால், மனுப் போட்ட நீங்கள் கலைப்புச் செலவுக்குப் பங்கு கட்டவேண்டி வரும். காலிப் பெட்டியைத் திறக்கக் கூலி கொடுப்பது போல. கம்பெனி மீட்பு நடவடிக்கைக்குள் போயிருந்தாலோ, அதை நடத்துபவரின் எழுத்துச் சம்மதமோ கோர்ட் அனுமதியோ இல்லாமல் வழக்கு நடத்த முடியாது. அதுவும் சிஐபிசி தேடலில் தெரியும்.

வீடு. அவர் தனிமனிதராகக் கடன்பட்டிருந்தால், தீர்ப்புக்குப்பின் முதலில் அசையும் சொத்து, அது போதாவிட்டால் கோர்ட் அனுமதியோடு வீடு. குடியிருக்கும் வீடு என்றால் கோர்ட் எளிதில் விடாது. வேறு வழி உண்டா, விற்றால் குறைந்தபட்சம் எவ்வளவு என்றெல்லாம் பார்க்கும். கம்பெனிக் கடன் என்றால், அவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டுமே வீட்டை நினைக்கலாம். ஜாமீன் எழுத்தில், ஜாமீன்தாரரின் கையெழுத்தோடு இருக்கவேண்டும். 'நான் இருக்கேன், கவலைப்படாதீங்க' என்ற வாட்ஸ்அப் ஜாமீன் ஆகாது. சாதாரண மின்கையெழுத்தும் ஆபத்து, சட்டமே கையெழுத்துக் கேட்கும் ஆவணத்துக்கு அங்கீகாரம் பெற்ற உயர்நிலை மின்கையெழுத்து வேண்டும். சொத்து பொதுவாக இருக்கும் திருமணம் என்றால் பொதுவாக மனைவியின் எழுத்துச் சம்மதமும் தேவை. வழக்குக்கு முன்பே பத்திரப் பதிவுத் தேடல் ஒன்று செய்யுங்கள். வீடு வங்கியிடம் முழுதாக அடமானத்தில் இருந்தால் உங்கள் கணக்கு மாறும்.

உறவுமுறை இருப்பதால் நான் முதலில் முயன்று பார்க்கச் சொல்வது கடன் ஒப்புகைப் பத்திரம். கோர்ட் வேண்டாம் என்று அவருக்கும் தோன்றும். ஆனால் அதற்கு நீங்கள் ஒரு தேதி வைக்கவேண்டும், அந்தத் தேதி 2026 ஜூலை முடிவைத் தாண்டக்கூடாது. அன்று கையெழுத்து இல்லையென்றால் சம்மன் போகட்டும். பத்திரத்தில் மீதித் தொகை எண்ணிலும் எழுத்திலும், எந்த மூன்று இன்வாய்ஸுக்கு என்பது, விளக்குக் கழிவு ஏதாவது ஒத்துக்கொண்டால் அது, மாதத் தவணையும் நாளும், ஒரு தவணை தவறினால் முழுப் பாக்கியும் உடனே கட்டவேண்டும் என்ற வரி, வட்டி விகிதம், நோட்டீஸும் சம்மனும் சேரவேண்டிய முகவரி ஆகியவை இருக்கவேண்டும். கையெழுத்து இரண்டு இடத்தில்: கம்பெனிக்காக ஒன்று, தனிப்பட்ட ஜாமீனாக ஒன்று. ஒரே கையெழுத்தில் இரண்டையும் முடிக்கப்பார்த்தால் பின்னால் 'கம்பெனிக்காகத்தானே போட்டேன்' என்பார். தம்பியும் கையெழுத்துப் போடச் சம்மதித்தால் விடாதீர்கள். தவணைக்கு நாள் குறித்த பத்திரம் என்றால் காலாவதியும் அந்தப் புதிய நாட்களிலிருந்துதான் ஓடும்.

பேச்சுவார்த்தைக் கடிதங்களில் இரு பக்கமும் 'உரிமைகளுக்குப் பாதகமின்றி' என்று எழுதுவது வழக்கம், அதில் சொன்னதைப் பின்னால் கோர்ட்டில் காட்டக்கூடாது என்பதற்காக. ஆனாலும் அப்படி எழுதிய கடிதத்தில் அவர் கடனை ஒப்புக்கொண்டால் அதைக் காலாவதியை முறிக்கும் ஒப்புதலாகக் காட்டலாம் என்று 2017-இல் உச்ச மேல்முறையீட்டுக் கோர்ட் சொல்லியிருக்கிறது. ஆகவே அந்தக் கடிதங்களையும் தூக்கி எறியாதீர்கள்.

வக்கீல் கட்டணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கணக்கில் சேர்க்கவேண்டியது. ஜெயித்தால் கிடைக்கும் செலவு கோர்ட் விகிதப்படிதான். நீங்கள் கொடுத்த முழுக் கட்டணமும் திரும்பாது. ஜெயித்தால் மட்டும் கட்டணம் என்ற ஏற்பாடு செய்தால், சட்டம் வைத்த உச்சவரம்பு வழக்கமான கட்டணத்தின் இரு மடங்கு அல்லது கிடைத்த தொகையில் 25 விழுக்காடு, இரண்டில் குறைந்தது. எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பாக்கி வராது என்று முடிவானாலும் ஒன்று மிச்சம். இன்வாய்ஸ் அடிப்படையில் வாட் கட்டுகிறவர்கள் நீங்கள் என்றால், இந்த 246,400-இல் அடங்கிய 32,139.13 ரேண்டை ஏற்கனவே வரித்துறையான சார்ஸுக்குக் கட்டிவிட்டீர்கள். புத்தகத்தில் வாராக்கடன் என்று எழுதித் தள்ளியபின் வாட் சட்டத்தின் 22-ஆம் பிரிவின்கீழ் அதைத் திரும்பக் கழிக்கலாம். பின்னால் பணம் வந்தால் அதற்குரிய வரியை மறுபடி கட்டவேண்டும். எழுதித் தள்ளுவது உங்கள் புத்தகத்துக்குள் நடக்கட்டும். 'உங்கள் கடனைத் தள்ளிவிட்டோம்' என்று அவருக்கு ஒரு கடிதம் போய்விட்டால் அது விட்டுக்கொடுத்ததற்கு அத்தாட்சி ஆகிவிடும். கணக்காளரிடம் இதை முன்பே சொல்லி வையுங்கள்.